அரக்கு மெருகில் பசைச் சேதம் சீராக்கல்

அரக்கு மெருகில் பசைச் சேதம் சீராக்கல் என்பது, அரக்கு மெருகு பூசப்பட்ட மரப்பொருட்களின் மேற்பரப்பில் தவறுதலாகச் சிந்திய பசையை அகற்றி, அதனால் கெட்ட மெருகுப் படலத்தை இயன்றவரை பழைய நிலைக்குக் கொண்டுவரும் செயல்முறை ஆகும். மேசை, அலமாரி, கதவு போன்ற வீட்டுப் பொருட்களிலும், கிதார் போன்ற இசைக்கருவிகளிலும் இவ்வகைச் சேதம் பொதுவாகக் காணப்படுகின்றது. உடைந்த பகுதி ஒன்றை ஒட்ட முயலும்போது பசைத்துளி அருகிலுள்ள பளபளப்பான பரப்பில் விழுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைகின்றது.

இச்செயல்முறையின் அடிப்படைச் சிக்கல் வேதியியல் சார்ந்தது. பசையைக் கரைக்கவல்ல கரைப்பான்களுள் பல, மெருகையும் கரைத்துவிடுகின்றன. மெருகுப் படலத்தின் தடிப்பு பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஆகவே ஒருமுறை கரைத்துத் துடைக்கப்பட்ட மெருகு திரும்பக் கிடைப்பதில்லை. பசை விழுந்ததால் நேரும் சேதத்தைக் காட்டிலும், அதைப் பதற்றத்துடன் துடைப்பதாலும் கையில் கிடைத்த திரவத்தைத் தேய்ப்பதாலும் நேரும் சேதமே பல வேளைகளில் பெரிதாக உள்ளது. மெருகு எது, பசை எது என்ற இரண்டையும் அறிந்த பின்னரே எந்த முறையைக் கையாள்வது என முடிவு செய்தல் வேண்டும்.

பெயர்

அரக்கு என்னும் சொல், அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினைக் குறிக்கும். மகாபாரதத்தில் பாண்டவர்களை எரித்துக் கொல்வதற்காகக் கட்டப்பட்டதாகக் கூறப்படும் அரக்கு மாளிகை, இப்பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பது பண்டைக்காலத்திலேயே அறியப்பட்டிருந்ததைக் காட்டுகின்றது. ஆங்கிலச் சொல்லான லாக்கர் என்பதும் இதே பிசினின் வடமொழிப் பெயரிலிருந்து பிறந்ததே.

எனினும், இன்று கடைகளில் லாக்கர் என்ற பெயரில் விற்கப்படும் பொருட்களில் பெரும்பாலானவற்றில் அரக்குப் பிசின் இருப்பதில்லை. அவை நைட்ரோசெல்லுலோசு அல்லது அக்ரிலிக் பலபடிகளால் ஆனவை. கிழக்காசிய நாடுகளின் அரக்கு வேலைப்பாடுகளோ முற்றிலும் வேறான ஒரு மரப்பாலால் செய்யப்படுபவை. ஒரே பெயரால் அழைக்கப்படும் இம்மெருகுகள் கரைப்பான்களுக்கு வெவ்வேறு விதமாக வினைபுரிகின்றன. இப்பெயர்க் குழப்பமே தவறான திரவத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு காரணம் ஆகும். இக்கட்டுரையில் அரக்கு மெருகு என்பது இவை அனைத்தையும் குறிக்கும் பொதுப்பெயராகக் கையாளப்படுகின்றது.

மெருகு வகைகள்

மெருகுகளை அவை கெட்டியாகும் விதத்தைக் கொண்டு இரண்டாகப் பிரிக்கலாம். கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே கெட்டியாகுபவை முதல் வகை. இவற்றை அதே கரைப்பானைக் கொண்டு எப்போது வேண்டுமானாலும் மீண்டும் கரைக்கலாம். வேதிவினையால் கெட்டியாகுபவை இரண்டாம் வகை. இவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்புகளால் இணைந்துவிடுவதால், இவை மீண்டும் கரைவதில்லை.

* *செல்லாக்கு:* அரக்குப் பிசினைத் தூய்மையாக்கி எத்தனாலில் கரைத்துச் செய்யப்படுவது. பிரெஞ்சு பாலிஷ் எனப்படும் முறையில் பஞ்சுப் பொதியால் தேய்த்துப் பூசப்படும். முதல் வகையைச் சேர்ந்தது. சாராய வகைகளிலும், அம்மோனியா போன்ற காரக் கரைசல்களிலும் கரையும். சுமார் 75 பாகை செல்சியசு வெப்பநிலையிலேயே இளகிவிடும்.
* *நைட்ரோசெல்லுலோசு மெருகு:* தச்சர்களால் என்.சி. லாக்கர் என அழைக்கப்படுவது. இதுவும் முதல் வகையே. 1920களில் ஐக்கிய அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் டூக்கோ என்ற பெயரில் இதனை மகிழுந்துகளுக்கான பூச்சாக அறிமுகப்படுத்திய பின்னர், மரப்பொருட்களிலும் பரவலாகப் பயன்பட்டது. அசிட்டோன், எத்தில் அசிட்டேட்டு, பியூட்டைல் அசிட்டேட்டு, தின்னர் ஆகியவற்றில் உடனே கரையும். நாப்தா, மினரல் டர்பன்டைன் ஆகியவற்றில் கரைவதில்லை.
* *அக்ரிலிக் மெருகு:* நிறம் மஞ்சளாக மாறாத் தன்மை உடையது. கரைப்பான் வழிச் செய்யப்படுபவை தின்னரிலும் அசிட்டோனிலும் கரையும்.
* *மெலமின், பாலியூரித்தேன் மெருகுகள்:* இந்தியாவில் தேக்கு மரப்பொருட்களில் மிகுதியாகக் காணப்படுபவை. வினையூக்கி அல்லது கெட்டியாக்கி கலந்து பூசப்படும் இவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நன்கு இறுகிய பின் தின்னரில் கரைவதில்லை. ஆயினும் நீண்டநேரம் பட்டால் உப்பி, சுருங்கிப் பெயரக்கூடும்.
* *உருசி:* சீனா, கொரியா, சப்பான் ஆகிய நாடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பாலிலிருந்து பெறப்படுவது. காற்றிலுள்ள ஈரத்தின் துணையுடன் ஒரு நொதியின் செயற்பாட்டால் இறுகும் தனித்தன்மை உடையது. இறுகிய உருசி பெரும்பாலான கரிமக் கரைப்பான்களில் கரைவதில்லை. ஆனால், புற ஊதாக் கதிர்களால் காலப்போக்கில் சிதைந்த பழைய உருசிப் பரப்பு, வெறும் நீராலும் பாதிப்படையலாம்.

மெருகை இனங்காணல்

பொருளின் அடிப்பாகம், இழுப்பறையின் உட்பக்க ஓரம் போன்று கண்ணில் படாத இடத்தில், அதே மெருகு பூசப்பட்டிருப்பதை உறுதி செய்துகொண்டு, பின்வரும் சோதனையைச் செய்யலாம்.

1. பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு சிறு துளி ஸ்பிரிட்டை வைத்து, அரை நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்க்கவேண்டும். பரப்பு நன்கு பிசுபிசுத்துப் பஞ்சில் நிறம் ஏறினால் அது செல்லாக்கு.
2. மாற்றம் ஏதும் இல்லையெனில், வேறோர் இடத்தில் ஒரு துளி தின்னரை வைக்கவேண்டும். பரப்பு வழவழவென இளகினால் அது நைட்ரோசெல்லுலோசு அல்லது அக்ரிலிக் மெருகு.
3. பரப்பு இளகாமல் உப்பிச் சுருங்கினாலோ, மாற்றமே இல்லாமல் இருந்தாலோ, அது வேதிவினையால் இறுகிய மெருகு.

நைட்ரோசெல்லுலோசும் ஸ்பிரிட்டால் ஓரளவு மென்மையாகும் என்பதால், முதற்சோதனையின் விளைவு ஐயத்துக்கு இடமாக இருந்தால் இரண்டாவதையும் செய்து பார்ப்பது நல்லது. மதிப்புமிக்க பழம்பொருட்களில் இச்சோதனைகளைச் செய்தல் கூடாது.

சேதத்தின் வகைகள்

பசையால் நேரும் சேதத்தை நான்காகப் பிரித்துக் காணலாம்.

* *படிவு:* பசை மெருகின் மேல் மேடாகக் காய்ந்து நிற்பது. அடியிலுள்ள மெருகு கெடாமல் இருக்கும். சீராக்க எளிதானது.
* *கரைவு:* பசையிலுள்ள கரைப்பானோ, பசையின் மூலப்பொருளோ மெருகை இளக்கி அதனுடன் கலந்துவிடுவது. இங்கு பசைக்கும் மெருகுக்கும் இடையே தெளிவான எல்லை இருப்பதில்லை.
* *பெயர்வு:* காய்ந்த பசையைப் பிடுங்கும்போது மெருகும் சேர்ந்து உரிந்து, மரம் வெளித்தெரிவது.
* *வெளிறல்:* ஈரம் அல்லது பசையின் ஆவியால் பரப்பு பால்நிறமாக மங்குவது. பார்ப்பதற்கு மோசமாகத் தோன்றினாலும், பெரும்பாலும் மேலோட்டமானது.

முதலாம் வகைச் சேதம் மூன்றாம் வகையாக மாறுவதற்குக் காரணம், பெரும்பாலும் கத்தியாலோ நகத்தாலோ நெம்பிப் பிடுங்குவதே.

முதல் சில நிமிடங்கள்

பசை சிந்தியவுடன் செய்யவேண்டியது, அது எந்த வகைப் பசை என்பதைப் பொறுத்தது.

நீர் சார்ந்த வெள்ளைப் பசை (ஃபெவிக்கால் போன்ற தச்சுப் பசை) எனில், ஈரத்துணியால் உடனே துடைத்து, பின் உலர்துணியால் ஈரத்தை அகற்றிவிடலாம். பெரும்பாலும் அத்துடன் வேலை முடிந்துவிடும். இரு கூறுகளைக் கலந்து செய்யப்படும் எப்பாக்சிப் பசையும் இறுகுவதற்குச் சில நிமிடங்கள் முதல் சில மணிநேரம் வரை எடுத்துக்கொள்ளும். அதனை உலர்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மீதியை வினிகர் நனைத்த துணியால் துடைத்து, கடைசியாக நீரால் துடைக்கலாம்.

சயனோஅக்ரைலேட்டு எனப்படும் உடனொட்டிப் பசை (ஃபெவிக்விக் போன்றது) இதற்கு நேர்மாறானது. இதனைத் துடைக்க முயல்வது கூடாது. துடைத்தால் ஒரு துளியாக இருந்தது உள்ளங்கை அளவுக்குப் பரவி, மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். மேலும், பருத்தித்துணி இப்பசையை உறிஞ்சும்போது வினை விரைவாக நடந்து, கையைச் சுடும் அளவுக்கு வெப்பம் வெளிப்படும்; துணியும் பரப்பில் ஒட்டிக்கொள்ளலாம். துளி ஓடிப் பரவாதவாறு பொருளைக் கிடைமட்டமாக வைத்து, அசைக்காமல் இறுக விடுவதே முறையாகும். ஓரிடத்தில் மேடாக நிற்கும் துளியைச் சீராக்குவது எளிது; இழுத்துப் பூசப்பட்ட படலத்தைச் சீராக்குவது கடினம்.

பசைவாரியாக நீக்கும் முறைகள்

*வெள்ளைப் பசை:* காய்ந்த பசையின் மேல் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடங்கள் வைத்தால், அது வெண்மையாகி உப்பி மென்மையாகும். அப்போது பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் மெதுவாகத் தள்ளி எடுக்கலாம். நீருடன் சிறிது வினிகர் சேர்ப்பதும் உதவும். ஒரே தடவையில் முழுதும் எடுக்க முயலாமல், இடையிடையே பரப்பை உலரவிட்டு, பலமுறை செய்தல் வேண்டும். சூடான நீரையோ, சோப்புக் கரைசலையோ செல்லாக்கின் மேல் பயன்படுத்தக்கூடாது.

*விலங்குப் பசை:* தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து செய்யப்படும் மரபுவழித் தச்சுப் பசை. வெதுவெதுப்பான ஈரத்தில் எளிதாக இளகும். பழைய பொருட்களில் இப்பசையே பயன்படுத்தப்பட்டிருக்கும் என்பதால், ஈரம் மூட்டுகளுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

*ரப்பர் பசை:* தோல், லேமினேட் தகடு ஆகியவற்றை ஒட்டப் பயன்படும் இப்பசையில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருப்பதால், ஈரமாக இருக்கும்போதே அது மெருகை இளக்கக்கூடும். எனவே தேய்க்காமல் காயவிட்டு, பின்னர் விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுக்கலாம். எஞ்சியதை நாப்தா நனைத்த துணியால் அகற்றலாம்.

*ஒட்டுநாடா, விலைச்சீட்டு ஆகியவற்றின் பசை:* நாப்தா, மினரல் டர்பன்டைன் ஆகிய இரண்டும் இப்பசையைக் கரைக்கும். நன்கு இறுகிய மெருகைக் கரைப்பதில்லை. இவை இல்லையெனில் தேங்காய் எண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிடலாம். ஆனால் மெருகில் வெடிப்போ உரிந்த இடமோ இருந்தால் எண்ணெய் மரத்துக்குள் இறங்கி, பின்னர் பூசப்படும் மெருகு ஒட்டாமல் தடுக்கும். அத்தகைய இடங்களில் எண்ணெயைத் தவிர்க்கவேண்டும்.

*வெப்பப் பசை:* பசைத் துப்பாக்கியால் இடப்படும் இதனை மீண்டும் சூடாக்குவது மெருகை இளக்கிவிடும். மாறாக, பிளாஸ்டிக் பையில் கட்டிய பனிக்கட்டியைச் சிறிதுநேரம் வைத்துக் குளிர்வித்தால், பசை விறைத்து, ஓரத்தில் மெல்ல நெம்பும்போது தனியே கழன்று வரும்.

*இறுகிய எப்பாக்சி:* இதனைக் கரைக்கும் எத்திரவமும் மெருகை விட்டுவைப்பதில்லை. வெப்பத்தால் சற்று இளகும் என்றாலும், அதற்குள் மெருகு இளகிவிடும். ஆகவே அடுத்த பகுதியில் விளக்கப்படும் மட்டமாக்கும் முறையே இதற்கும் பொருந்தும்.

உடனொட்டிப் பசை

1940களில் ஈசுட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஆரி கூவர், துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்கான தெளிவான நெகிழியைத் தேடும் ஆய்வின்போது சயனோஅக்ரைலேட்டுகளைக் கையாண்டார். தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அன்று அவை ஒதுக்கப்பட்டன. 1951ஆம் ஆண்டில் அவற்றின் பயன் மீண்டும் உணரப்பட்டு, 1958ஆம் ஆண்டில் பசையாக விற்பனைக்கு வந்தன.

இப்பசையின் ஒற்றைப்படி மூலக்கூறுகள், பரப்பிலுள்ள மிகச்சிறிய அளவு ஈரத்தாலேயே தூண்டப்பட்டுப் பலபடியாகின்றன. இதனால்தான் அது நொடிகளில் இறுகுகின்றது. இறுகிய பசையை நீக்குவதற்கு அசிட்டோன், நைட்ரோமீத்தேன் போன்றவை பரிந்துரைக்கப்படுகின்றன. தோலிலிருந்தோ கண்ணாடியிலிருந்தோ நீக்குவதற்கு அசிட்டோன் ஏற்றதே. ஆனால் அரக்கு மெருகுக்கு அது பொருந்தாது.

இதனை ஓர் எளிய ஒப்பீட்டால் விளங்கிக்கொள்ளலாம். பெண்கள் பயன்படுத்தும் நகப்பூச்சின் முதன்மைப் பொருளும் நைட்ரோசெல்லுலோசே. அதனை அகற்றும் திரவம், நைட்ரோசெல்லுலோசைக் கரைப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஆகவே, பசையைப் போக்க வேண்டி அத்திரவத்தை நைட்ரோசெல்லுலோசு மெருகின் மேல் தேய்ப்பவர், உண்மையில் மெருகையே அழிக்கின்றார். மெருகு முழுதும் போன பின்பும் பசைத்துளியின் பெரும்பகுதி அங்கேயே இருக்கும்.

எனவே இப்பசையைக் கரைத்து நீக்காமல், *மட்டமாக்கி அங்கேயே விட்டுவிடுவது* சிறந்த முறையாகக் கொள்ளப்படுகின்றது. இறுகிய பசை தெளிவானது, கடினமானது, நைட்ரோசெல்லுலோசு மெருகுடன் நன்கு பிணைவது. மேடாக நிற்கும் பகுதியை மட்டும் நீக்கிப் பளபளப்பாக்கினால், அடியில் எஞ்சும் பசை மெருகின் ஒரு பகுதியாகவே தோன்றும். இசைக்கருவி செப்பனிடுவோர், மெருகில் விழுந்த பள்ளங்களை நிரப்புவதற்கு இதே பசையை வேண்டுமென்றே துளித்துளியாக இட்டு மட்டமாக்குவதும் உண்டு.

செய்முறை பின்வருமாறு:

1. பசையை ஒரு நாள் முழுவதும் இறுக விடவேண்டும். இறுகலை விரைவாக்கும் தெளிப்புகளுள் சிலவற்றில் அசிட்டோன் இருப்பதால் அவற்றைத் தவிர்க்கவேண்டும்.
2. ஒற்றை முனையுள்ள ஒரு பிளேடை எடுத்து, அதன் இரு ஓரங்களிலும் ஒட்டுநாடாவைச் சுற்றி, நடுவில் பசைத்துளியின் அகலத்துக்கு மட்டும் வெட்டுமுனையைத் திறந்து விடவேண்டும். நாடா சுற்றிய ஓரங்கள் மெருகின் மேல் தாங்கி நிற்பதால், வெட்டுமுனை மெருகைத் தொடாமல் நாடாவின் தடிப்பளவு உயரத்தில் நிற்கும்.
3. பிளேடை ஏறத்தாழ நிமிர்த்திப் பிடித்து, தன்னை நோக்கி மெதுவாக இழுத்துச் சுரண்டவேண்டும். பசை மெல்லிய சுருள்களாகவும் தூளாகவும் வரும். அழுத்துவது கூடாது.
4. துளி நாடாவின் உயரத்துக்கு வந்த பின், தச்சர்கள் வாட்டர் பேப்பர் என்று அழைக்கும் நீர் உப்புத்தாளின் 1000 எண் துண்டொன்றைச் சிறிய தட்டையான மரக்கட்டையில் சுற்றி, சில துளி நீர் விட்டு, துளியின் மேல் மட்டும் தேய்க்கவேண்டும்.
5. ஒவ்வொரு சில தேய்ப்புகளுக்கும் பின் நீரைத் துடைத்து, விளக்கொளியைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கவேண்டும். துளியின் விளிம்பு தெரியாத நிலையில் நிறுத்தவேண்டும்.
6. பின்னர் 1500, 2000 எண் தாள்களால் தேய்த்து, இறுதியாகத் தேய்ப்புக்களிம்பு, மெருகுக்களிம்பு ஆகியவற்றால் பளபளப்பாக்கவேண்டும்.

இங்கு கவனிக்கவேண்டியது, இறுகிய பசை நைட்ரோசெல்லுலோசைக் காட்டிலும் கடினமானது என்பதாகும். மரக்கட்டை இல்லாமல் விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால், பசை அப்படியே நிற்க, அதைச் சுற்றியுள்ள மென்மையான மெருகு தேய்ந்து பள்ளமாகும். அதற்கு மேலும் தேய்த்தால் மரம் வெளித்தெரியும். மூலைகளிலும் விளிம்புகளிலும் மெருகு இயல்பாகவே மெல்லியதாக இருப்பதால் அங்கு கூடுதல் கவனம் தேவை.

துளியைச் சுற்றிக் காணப்படும் வெண்மையான மங்கல், பசையின் ஆவி படிந்து உண்டான மெல்லிய தூள் ஆகும். இது தேய்ப்புக்களிம்பால் எளிதில் போய்விடும்.

மெருகுப் படலத்தைச் சீரமைத்தல்

பசை நீங்கிய பின் மெருகில் எஞ்சும் குறைகளை, மெருகின் வகைக்கேற்பச் சீரமைக்கலாம்.

*மங்கலும் நுண்கீறல்களும்:* நுண்ணிய தேய்ப்புக்களிம்பை மென்துணியில் எடுத்துத் தேய்த்தால் போதுமானது. மங்கலான மெருகுடைய பரப்பில் இவ்வாறு தேய்த்தால் அவ்விடம் மட்டும் பளபளத்து வேறுபட்டுத் தெரியும் என்பதால், அங்கு மிக நுண்ணிய இரும்புக் கம்பளியால் மர ரேகையின் திசையில் தேய்த்து ஒத்த தோற்றத்தைப் பெறலாம்.

*வெளிறல்:* மெருகில் சிக்கிய ஈரம், சில நாட்கள் உலர்ந்த இடத்தில் வைத்தாலே தானாக வெளியேறுவதுண்டு. வெளியேறாவிடில், மெதுவாக ஆவியாகும் தின்னரை மிக மெல்லிய தூவலாகத் தெளித்தால், மெருகு ஒரு கணம் இளகி ஈரத்தை விடுவித்து மீண்டும் இறுகும். இது நைட்ரோசெல்லுலோசு, அக்ரிலிக் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தும்.

*பள்ளமும் உரிவும்:* முதல் வகை மெருகுகளின் பெரும் நன்மை இங்கு வெளிப்படுகின்றது. புதிதாகப் பூசப்படும் அடுக்கிலுள்ள கரைப்பான் பழைய அடுக்கின் மேற்பகுதியை இளக்குவதால், இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். இடையே கோடு தெரிவதில்லை. நுண்ணிய தூரிகையால் பள்ளத்தில் மட்டும் சிறிது மெருகை இட்டு, உலரவிட்டு, மீண்டும் இடவேண்டும். கரைப்பான் வெளியேறும்போது மெருகு சுருங்குவதால் பல தடவை இடவேண்டியிருக்கும். இறுதியில் சுற்றுப்பரப்பைவிடச் சற்று மேடாக நிற்குமாறு செய்து, ஓரிரு வாரங்கள் விட்டுவைத்த பின்னரே மட்டமாக்குதல் வேண்டும். அவசரப்பட்டு மறுநாளே மட்டமாக்கினால், எஞ்சிய கரைப்பான் வெளியேறும்போது அவ்விடம் மீண்டும் பள்ளமாகும்.

பாலியூரித்தேன், மெலமின் போன்றவற்றில் புதிய அடுக்கு பழையதுடன் கலப்பதில்லை. தேய்க்கும்போது இரண்டுக்கும் இடையே மெல்லிய வளையக்கோடு தோன்றும். சிறு பள்ளங்களை உடனொட்டிப் பசையால் நிரப்பலாம். பெரிய சேதமெனில் அந்தப் பலகை முழுவதையும் மீண்டும் மெருகிட நேரும்.

*நிறம்:* பழைய நைட்ரோசெல்லுலோசு மஞ்சள் கலந்த தேன்நிறம் பெற்றிருக்கும். நிறமற்ற புதிய மெருகை அதில் இட்டால் வெளிறிய புள்ளியாகத் தெரியும். தேன்நிறச் செல்லாக்கை மெல்லிய அடுக்காக முதலில் இடுவது இதற்குரிய எளிய தீர்வாகும். செல்லாக்கு ஏறத்தாழ எல்லா மெருகுகளுடனும் ஒட்டக்கூடியது. மேலும், வெளித்தெரியும் மரத்தின் மேல் உடனொட்டிப் பசையை நேரடியாக இட்டால் மரம் கறுத்துவிடும். முதலில் செல்லாக்கு இடுவது அதையும் தடுக்கும்.

எடுத்துக்காட்டு: நைட்ரோசெல்லுலோசு மெருகுடைய கிதார்

1950களில் செய்யப்பட்ட கிப்சன், ஃபெண்டர் கிதார்கள் நைட்ரோசெல்லுலோசு மெருகு கொண்டவை. ஒலிக்கம்பிகளைத் தாங்கும் தலைப்பாலத்தையோ, கழன்ற கட்டைகளையோ உடனொட்டிப் பசையால் ஒட்டும்போது, நீர்போன்ற இப்பசை ஓடி, கழுத்திலோ உடலிலோ வழிவது பொதுவான விபத்து ஆகும்.

இக்கருவிகளில் மூன்று காரணங்களால் அசிட்டோன் பெருங்கேடு விளைவிக்கும். முதலாவதாக, மெருகு அதில் கரையும். இரண்டாவதாக, பல கிதார்களின் விளிம்புப் பட்டி செல்லுலாய்டு என்னும் நெகிழியால் ஆனது. அதுவும் நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்த கலவையே என்பதால் அதுவும் கரையும். மூன்றாவதாக, வயதான மெருகில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். கரைப்பான் அவற்றின் வழியே மெருகுக்கு அடியில் இறங்கும்.

இதற்கும் மேலாக, பழைய கருவிகளின் மதிப்பில் மூல மெருகுக்குப் பெரும் பங்கு உண்டு. முழுதும் மறுமெருகிடப்பட்ட பழைய கிதார், மூல மெருகுடன் உள்ளதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கே போகும். ஒரு மிளகளவு பசைத்துளியை அப்படியே விட்டுவைப்பதால் மதிப்பு பெரிதாகக் குறைவதில்லை. அதைத் தேய்த்து ஓர் உள்ளங்கை அளவு மெருகை இழப்பதால் குறையும்.

செய்யாமல் விடவேண்டிய வேளைகள்

எல்லாச் சேதங்களையும் சீராக்கவேண்டும் என்பதில்லை. கீழ்க்காணும் நிலைகளில் பொருளை அப்படியே வைத்திருந்து, பழம்பொருள் பேணுநரிடமோ தேர்ந்த மெருகுக் கைவினைஞரிடமோ காட்டுவது நல்லது.

* உருசி வேலைப்பாடுகள், பொன்தூள் பதித்த அல்லது ஓவியம் தீட்டிய பரப்புகள்
* மெருகு ஏற்கெனவே வெடித்து, செதில் செதிலாக எழும்பியுள்ள பொருட்கள்
* மெருகின் வகையை உறுதிசெய்ய இயலாத பழைய பொருட்கள்
* மெல்லிய ஒட்டுப்பலகைத் தகடு பதித்தவை. இவற்றில் தேய்ப்பு தகட்டையே துளைத்துவிடக்கூடும்

இறுகிய பசை காலப்போக்கில் மெருகை மேலும் அரிப்பது அரிது. எனவே காத்திருப்பதால் இழப்பு ஏதுமில்லை. இதற்கு மாறாக, பிசுபிசுப்பாகவே இருக்கும் நாடாப் பசையும் கரைப்பான் கலந்த ஈரப்பசையும் மட்டும் விரைவில் கவனிக்கப்படவேண்டியவை.

பாதுகாப்பு

அசிட்டோன், தின்னர், நாப்தா ஆகியவை மிக எளிதில் தீப்பற்றுபவை. அசிட்டோனின் தீப்பற்றுநிலை சுமார் −20 பாகை செல்சியசு ஆகும். அதாவது சாதாரண அறை வெப்பநிலையிலேயே அதன் ஆவி தீப்பற்றப் போதுமானது. சமையலறை, பூசையறை விளக்கு ஆகியவற்றின் அருகில் இவற்றைத் திறக்கக்கூடாது. நைட்ரோசெல்லுலோசு மெருகைத் தேய்க்கும்போது வரும் தூளும் விரைந்து எரியக்கூடியது. நீர் விட்டுத் தேய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடனொட்டிப் பசை விரல்களில் ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்கவேண்டும். கண்ணில் பட்டால் இமைகளை வலிந்து திறக்க முயலாமல், நீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். காய்ந்த பசையைச் சுரண்டும்போது தெறிக்கும் துகள்களுக்காகக் கண்ணாடி அணிவது நல்லது.

தடுப்பு முறைகள்

ஒட்டும் வேலை தொடங்குமுன் சுற்றியுள்ள மெருகுப் பரப்பை நெகிழித் தாளால் மூடுவது எளிய தடுப்பு ஆகும். ஒட்டுநாடாவை மெருகின் மேல் நேரடியாக ஒட்டினால், உரிக்கும்போது பழைய மெருகும் சேர்ந்து உரியலாம். ஒட்டுந்திறன் குறைந்த நாடாவையே பயன்படுத்தி, வேலை முடிந்ததும் அகற்றிவிடவேண்டும். உடனொட்டிப் பசையைக் குப்பியிலிருந்து நேரே ஊற்றாமல், ஒரு துண்டுத் தாளில் விட்டு, குச்சி நுனியால் தொட்டு இடுவது அதிகப்படியான பசை ஓடுவதைத் தவிர்க்கும். நீர்போன்ற வகைக்குப் பதிலாகக் கெட்டியான வகையைத் தேர்ந்தெடுப்பதும் உதவும். சிலிக்கோன் கலந்த மெருகுத் தெளிப்புகளை மரப்பொருட்களில் பயன்படுத்தாதிருப்பது, பிற்காலச் சீரமைப்பை எளிதாக்கும். சிலிக்கோன் படிந்த பரப்பில் புதிய மெருகு சீராகப் பரவாமல் குழிகுழியாக விலகும்.

இவற்றையும் பார்க்க

* அரக்கு
* நைட்ரோசெல்லுலோசு
* சயனோஅக்ரைலேட்டு
* கரைப்பான்
* தச்சு வேலை